இடம் வலம் மாறிய ஒரு புகைப்படம்

மறதி நோய்க்காக எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் முதியோரின் குடும்பத்தார் அண்மைக் காலமாகப் பழைய படங்களைக் கைப்பேசியில் கொண்டு வருகின்றனர். திருமணப் படம், திருவிழாப் படம், படகருகே தோழர்களோடு நின்ற படம். அவற்றுள் பல, செயலிகளால் நிறமூட்டப்பட்டு, கறை நீக்கப்பட்டு, முகம் கூர்மையாக்கப்பட்டவை. அன்போடு செய்த வேலை, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் தம் கணவரின் படத்தையே அயலார் படம்போல் ஒரு மூதாட்டி பார்ப்பதை நாங்கள் கண்டதுண்டு. மறதிதான் காரணம் என்று எளிதில் சொல்லிவிடலாம். செயலி வரைந்த கண்ணும் மூக்கும் அந்தக் கணவருடையவைதாமா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இது பற்றிப் பேசும்போதெல்லாம் எங்கள் நினைவுக்கு வருவது ஜாஸ் இசையின் தொடக்க காலத்துப் படம் ஒன்று. பிரெஞ்சுக்காரர் 1718இல் நிறுவிய நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜாஸ் பிறந்தது. அங்கே கார்னெட் என்னும் ஊதுகருவியை வாசித்தவர் பட்டி போல்டன். ஜாஸின் முன்னோடி என்று பலராலும் கருதப்படும் அவருடைய ஒலிப்பதிவு ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. கிடைத்திருப்பது 1905ஆம் ஆண்டையொட்டி எடுக்கப்பட்ட ஒரே ஒரு குழுப்படம். அதன் மூலப்படியும் தொலைந்துபோயிற்று. எஞ்சியிருக்கும் அச்சை ஒரு பக்கமாக வைத்தால் கிதார் வாசிப்பவரும் பெருந்தந்திக் கருவி வாசிப்பவரும் இடக்கையர்போல் தோன்றுகின்றனர். திருப்பி வைத்தால் கிளாரினெட் வாசிப்போரின் கைகள் முறை மாறுகின்றன. எது சரியான பக்கம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஊடுகதிர்ப் படம் எடுக்கும்போது உடலருகே இடம், வலம் என்பதைக் காட்டும் சிறு ஈய எழுத்தை வைப்பது எங்கள் வழக்கம். அந்த எழுத்தில்லாத மார்புப் படம் கையில் வந்தால், எந்தப் பக்க நுரையீரலில் நீர் என்று துணிந்து சொல்ல எங்களுக்கே தயக்கம் வரும். போல்டனின் படத்தில் அத்தகைய எழுத்து இல்லை. கணினியில் ஒரு சொடுக்கில் அதைத் திருப்பிவிடலாம்; உண்மை எந்தப் பக்கம் என்பதைக் கணினி சொல்லாது.

போல்டனின் வாழ்க்கை எங்கள் துறையைச் சேர்ந்தது. 1906இல் மனநோய் முற்றியது. மறு ஆண்டு, தம் இருபத்தொன்பதாம் வயதில், லூசியானா மாநிலத்தின் ஜாக்சன் ஊரிலிருந்த மனநலக் காப்பகத்தில் அவர் சேர்க்கப்பட்டார். 1931இல் இறக்கும்வரை இருபத்து நான்கு ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. அவருடைய மருத்துவக் குறிப்பிலுள்ள பெயர், இன்று மனச்சிதைவு என வழங்கும் நோயைச் சுட்டுவது. அந்நோய்க்குப் பயன் தந்த முதல் மருந்தான குளோர்புரோமசின் பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது 1952இல்தான். அன்று இல்லாத வழி இன்று உண்டு. மனச்சிதைவு உடையோர் மருந்துடனும் குடும்பத்தின் துணையுடனும் பணிக்குச் செல்வதையும், விட்ட கலையை மீண்டும் தொடங்குவதையும் நாங்கள் காண்கிறோம். மகனின் வயலினைப் பரணில் ஏற்றிவிட்ட பெற்றோர் அதைக் கீழே இறக்கலாம்.

கொழும்பில் பிறந்த எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி 1976இல் வெளியிட்ட தம் புதினத்திற்கு இந்தப் போல்டனையே நாயகனாக்கினார். தெரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பினார். புதினம் என்று சொல்லியே செய்தார். நம் நாட்டில் விவான் சுந்தரம் 2001 முதல் செய்த எண்ணிமப் புகைப்படக் கலையும் இவ்வகையே. தம் பாட்டனார் உம்ராவ் சிங் எடுத்த குடும்பப் படங்களைக் கணினியில் இணைத்து, வெவ்வேறு காலத்தவரை ஒரே அறையில் நிறுத்தினார். 1941இல் இருபத்தெட்டு வயதில் மறைந்த ஓவியர் அம்ரிதா ஷெர்கில் அவருடைய பெரியம்மா. மறைந்தவர் மீண்டும் உறவினரருகே நிற்கிறார். பார்ப்பவருக்கு அது ஒட்டுப்படம் என்று தெரியும். அதனால் ஏமாற்றமில்லை, ஏக்கம் மட்டுமே உண்டு. செயலிகள் இந்த நேர்மையைக் கடைப்பிடிப்பதில்லை. தாம் புதிதாக வரைந்ததையும் பழைய முகம் என்றே தருகின்றன.

ஜாஸ் நம் நாட்டுக்கும் வந்தது. சிகாகோவில் பெயர் பெற்ற பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு, பம்பாய் தாஜ்மகால் விடுதியிலும் பின்னர் கல்கத்தா கிராண்ட் விடுதியிலும் வாசித்தார். 1945இல் கல்கத்தாவிலேயே வாந்திபேதியால், நாற்பத்தொரு வயதில் இறந்தார். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, அதே வங்கத்தின் பொன்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து, அதே நோயிலிருந்து எண்ணற்றோரைக் காத்தார். கதையை விட்டு விலகிவிட்டோம். ஆனால் வீட்டில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய படங்களுக்குத் திரும்புவோம். செயலியில் ஏற்றுமுன் மூலப்படியை அப்படியே ஒளிவருடி எடுத்துத் தனியே வையுங்கள். படத்தின் பின்புறம் மென்பென்சிலால் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதுங்கள். நிறமூட்டிய படியைச் சுவரில் மாட்டலாம். மறதியுள்ளவரிடம் காட்டுவதற்கு மங்கலான பழைய படியை எடுங்கள். "இது யார், சொல்லுங்கள்" என்று தேர்வு வைக்காதீர்கள். பெயர் வராதபோது அவர்கள் வெட்கப்படுகிறார்கள். "அப்பா அன்று நீலச் சட்டை போட்டிருந்தாராம்" என்று நீங்களே தொடங்கிப் பாருங்கள். சட்டை நீலமில்லை என்று அவர்களே திருத்தக்கூடும்.