பின்விளக்கில் நீர் புகுந்தால்

மழைக்காலத்தில் நம் பள்ளி வாயிலுக்கு வரும் மகிழுந்துகளின் பின்விளக்குகளை உற்று நோக்கினால், சிலவற்றின் உட்புறத்தில் வெண்மையான மூட்டம் படிந்திருப்பதைக் காணலாம். இன்னும் சிலவற்றில் நீர் அடியில் தேங்கி, வண்டி குலுங்குந்தோறும் தானும் குலுங்கும். "விளக்குத்தான் எரிகிறதே!" என்று பலர் வாளாவிருந்து விடுகின்றனர். அது தகாது.

முன்விளக்கு வண்டி ஓட்டுபவருக்கு வழி காட்டுகிறது. பின்விளக்கோ பின்னால் வருபவரிடம் பேசுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். முன்னே செல்லும் வண்டியின் நிறுத்த விளக்கு மங்கி, அதனை ஒரு விநாடி தாமதமாகக் கண்டாலும், அந்த 17 மீட்டர் நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. விடியற்காலை இருளில், மழையில், தோட்டத்துச் சாலையில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் நமக்கு இது சிறிய செய்தி அன்று.

நீர் எவ்வாறு உள்ளே வருகிறது? மாணவர்களே, ஐஸ் நீர் நிரம்பிய குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்நீர் குவளையிலிருந்து கசிந்ததன்று. காற்றில் கலந்திருந்த நீராவியே குளிர்ந்து துளியானது. 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் ஏறத்தாழ 17 கிராமையே தாங்கும். மிகுதி துளிகளாகப் படிந்துவிடும்.

பின்விளக்கும் மூச்சு விடுகிறது. எரியும் பல்பின் சூட்டால் உள்ளிருக்கும் காற்று விரிந்து, அதற்கென அமைந்த சிறு துளைகளின் வழியே வெளியேறும். விளக்கு அணைந்து குளிர்ந்ததும், வெளியிலுள்ள ஈரக்காற்று உள்ளே புகும். மழைநீர் பட்டு மூடி குளிரும்போது, அவ்வீரம் அதன் உட்புறத்தில் மூட்டமாகப் படியும். இம்மெல்லிய மூட்டம் வண்டி சிறிது நேரம் ஓடியதும் மறைந்துவிடுமாயின், கவலை வேண்டா. எல்.இ.டி. விளக்குகள் குறைந்த சூட்டையே தருவதால், அவற்றில் மூட்டம் கலையச் சற்று நேரமாகலாம்.

ஆனால், பெருந்துளிகள் நாள்தோறும் நிற்பதும், நீர் தேங்குவதும் பழுதின் அடையாளங்கள். மூடியில் வெடிப்பு இருக்கலாம். பல்பு தாங்கியின் வளையம் தளர்ந்திருக்கலாம். விளக்கைச் சுற்றியுள்ள ரப்பர் விறைத்திருக்கலாம். வெயிலில் கிடக்கும் ரப்பர் நாளடைவில் விறைத்து வெடிக்கும் என்பதைத் தோட்ட மக்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. தேங்கிய நீர் மின்தொடுப்புகளைத் துருப்பிடிக்கச் செய்யும். சூடான பல்பின்மேல் தெறித்தால் பல்பே வெடித்துவிடும்.

இதனைப் போக்கும் முறை எளிது. முதலில் இயந்திரத்தையும் விளக்குகளையும் அணைத்திடுக. விளக்கின் திருகுகளைக் கழற்றி, மின்னிணைப்பை நீக்கி, பல்பு தாங்கியை வெளியே எடுத்து, நீரைக் கவிழ்த்து வடித்திடுக. பின்னர்க் காற்றோட்டமான இடத்தில் நன்கு உலர விடுக. அடுப்பின்மேல் காட்டுதல் கூடாது. மூடி நெகிழியால் ஆனதாகையால் வளைந்து உருக்குலையும். தலைமுடி உலர்த்தும் கருவியைப் பயன்படுத்தினால், மிதமான சூட்டில் சற்றுத் தள்ளிப் பிடித்திடுக.

உலர்ந்தபின், நீர் புகுந்த வழியை அடைத்தாக வேண்டும். இன்றேல் அடுத்த மழையில் பழைய கதைதான். பழைய ரப்பரை மாற்றுக. சிறு வெடிப்பைத் தெளிந்த சிலிகோன் பசையால் அடைக்கலாம்; பெரிதாயின் விளக்கையே மாற்றுதல் நன்று. மூச்சுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் உள்ளே சென்ற ஈரம் வெளியேற வழியின்றிச் சிறைப்படும். நீர் வடியட்டும் என்று மூடியில் புதிதாகத் துளையிடுவோரும் உளர். அத்துளையே மழைநீருக்கு வாயிலாகும். விளக்கை மீண்டும் பொருத்தியதும், குழாய்நீரைச் சில நிமிடம் தெளித்து உட்புறத்தை நோக்குக. வண்டியின் பின்பெட்டியில் விரிப்பு நனைந்துள்ளதா என்பதையும் பார்த்திடுக. அங்கும் அவ்வழியே நீர் இறங்கக்கூடும்.

ஓட்டுநர் தம் இருக்கையில் இருந்தவாறே தம் பின்விளக்கைக் காண இயலாது. எனவே, மாணவச் செல்வங்களே, இது உங்கள் பணியாகட்டும். வாரம் ஒருமுறை, நிறுத்தி வைத்த வண்டிக்குப் பின்னால் சற்று எட்டி ஓரமாக நின்று, தந்தையாரை நிறுத்தக் கட்டையை மிதிக்கச் சொல்லுங்கள். "அப்பா, வலப்பக்க விளக்கு எரியவில்லை" என்று நீங்கள் கூறும் ஒரு சொல், ஒரு குடும்பத்தைக் காக்கக்கூடும். பாடநூலில் கற்ற அறிவியல் வாழ்வுக்குப் பயன்படுவது இவ்வாறே.