செம்பு: அளவோடு இருக்கும்வரை நலம்



செப்புக் குடத்து நீர் சகல நோய்களுக்கும் மருந்து என்கிறார் ஒருவர். செம்பு அடங்கிய குளிசை இரத்தத்தைப் பெருக்கும், நரையை நீக்கும் என்கிறார் மற்றொருவர். ‘உடலுக்குத் தேவையான பொருள்தானே, சற்றுக் கூடினால் என்ன?’ என்று நாமும் எண்ணிவிடுகிறோம். இந்த எண்ணம் சரியானதா என்பதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

செம்பு உடலுக்கு இன்றியமையாத ஒரு கனியுப்பு என்பதில் ஐயமில்லை. இரும்பைப் பயன்படுத்திக் குருதியை ஆக்குவதற்கும், உணவிலிருந்து சக்தியைப் பெறுவதற்கும், எலும்புகளும் இரத்தக் குழாய்களும் உறுதி பெறுவதற்கும், நரம்புகள் சீராக இயங்குவதற்கும் அது தேவை. பாலை மட்டுமே உண்டு இரத்தசோகைக்கு ஆளான எலிகளுக்கு இரும்பை மட்டும் கொடுத்தபோது அவை குணமடையவில்லை. சிறிதளவு செம்பையும் சேர்த்த பின்னரே தேறின. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட உண்மை இது.

ஆயினும் அந்தத் தேவை மிகச் சிறியது. வளர்ந்த ஒருவருடைய உடல் முழுவதிலும் இருக்கும் செம்பு ஏறத்தாழ 50 முதல் 120 மில்லிகிராம் வரையே. அமெரிக்க நிபுணர் குழு 2001ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி, வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 900 மைக்ரோகிராம் போதுமானது. அதாவது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. கர்ப்பிணிகளுக்கு 1,000 மைக்ரோகிராமும், பாலூட்டும் தாய்மாருக்கு 1,300 மைக்ரோகிராமும் வேண்டும். வளர்ந்தோர் நாள்தோறும் 10 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது அக்குழு விதித்த எல்லை. ஒன்று முதல் மூன்று வயது வரையான குழந்தைகளுக்கு அந்த எல்லை 1 மில்லிகிராம் மாத்திரமே.

இந்தச் சிறிய தேவையை நமது சமையலறையே நிறைவேற்றிவிடுகிறது. ஒரு கைப்பிடி கஜுவில் சுமார் 0.6 மில்லிகிராம் செம்பு உண்டு. கடலை, பயறு, எள்ளு, நண்டு, இறால் ஆகியவற்றிலும் அது உண்டு. ஹஜ்ஜுப் பெருநாளில் நாம் விரும்பி உண்ணும் மாட்டீரலை எடுத்துக்கொள்ளுங்கள். சமைத்த ஈரல் 85 கிராமில் ஏறத்தாழ 12 மில்லிகிராம் செம்பு இருக்கிறது! ஆரோக்கியமான ஒருவர் ஓரிரு நாள் அதை உண்பதால் தீங்கில்லை. மிகுதியான செம்பைக் கல்லீரல் பித்தநீர் வழியாக வெளியேற்றிவிடும். ஆனால், அதே அளவை நாளாந்த வழக்கமாக்குவது உகந்ததன்று.

அப்படியாயின் செம்புக் குறைபாடு யாருக்கு ஏற்படுகிறது? இரைப்பையிலோ குடலிலோ சத்திரசிகிச்சை செய்துகொண்டோருக்கும், உணவுச் சத்துகளை உறிஞ்ச முடியாத நோயுடையோருக்கும் ஏற்படலாம். பலரும் அறியாத மற்றொரு காரணமும் உண்டு. அதுதான் ‘சிங்க்’ எனப்படும் நாகச் சத்துக் குளிசைகளை அளவின்றி உண்பது. நாகம் மிகும்போது, குடற்கலங்கள் ஒரு வகைப் புரதத்தை அதிகமாக ஆக்குகின்றன. அப்புரதம் செம்பைப் பற்றிப் பிடித்து, இரத்தத்தில் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. நாகத்துக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற எல்லை விதிக்கப்பட்டதற்கு இதுவே காரணம். கொரோனாத் தொற்றுக் காலத்தில் ஆரம்பித்த நாகக் குளிசையை இன்றும் நிறுத்தாதவர்கள் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும். இரும்புச் சத்துக் கொடுத்தும் தீராத இரத்தசோகை, பாதங்களில் விறைப்பு, நடையில் தள்ளாட்டம் என்பன இக்குறைபாட்டின் அடையாளங்கள். தாமதித்தால் நரம்புகளில் ஏற்பட்ட பாதிப்பு முழுமையாக நீங்காமலும் போகலாம்.

இனி, மிகுதியின் தீங்கைப் பாருங்கள். இந்தியாவில் ஒரு காலத்தில் பல பச்சிளங் குழந்தைகள் கல்லீரல் இறுகி மரணித்தனர். புனே நகரத்துக் குழந்தைகளை ஆராய்ந்த மருத்துவர்கள், பித்தளை, செப்புப் பாத்திரங்களில் காய்ச்சிய பாலே இதற்குக் காரணமாகலாம் என 1983ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். அப்பாத்திரங்களின் பாவனை குறைந்ததும் அந்நோயும் அருகிப்போயிற்று. பெற்றோர் அன்போடு புகட்டிய பாலே பிள்ளைக்கு நஞ்சானது எத்துணை வேதனைக்குரியது!

மேலும், வில்சன் நோய் என்னும் பரம்பரை நோயுடையோரின் உடலால் செம்பை வெளியேற்ற இயலாது. அது கல்லீரலிலும் மூளையிலும் தேங்கிவிடுகிறது. இந்நோய்க்குரிய மரபணு தாய், தந்தை இருவரிடமும் இருந்தால் மாத்திரமே பிள்ளைக்கு நோய் வரும். ஆகவே, நெருங்கிய உறவில் மணம் முடித்தோரின் பிள்ளைகளிடையே இதற்கான வாய்ப்பு அதிகம். இத்தகையோருக்குச் செம்புக் குளிசை பேராபத்தாகும். இந்நோய் உடையவரின் உடன்பிறந்தோரும் தம்மைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

ஆகவே, அன்பர்களே, பின்வருவனவற்றை நினைவிற் கொள்ளுங்கள்:

1. இரத்தப் பரிசோதனையும் வைத்தியரின் ஆலோசனையும் இன்றிச் செம்புக் குளிசையைத் தொடங்காதீர்கள்.

2. பல்சத்துக் குளிசை ஏற்கெனவே உண்பவராயின், அதில் செம்பும் நாகமும் எவ்வளவு என்பதைப் பெட்டியில் வாசித்துப் பாருங்கள். இரண்டு குளிசைகளிலுள்ள அளவுகளையும் கூட்டிப் பார்க்க மறவாதீர்கள்.

3. செப்புப் பாத்திரத்தில் வெறும் நீரை வைக்கலாம். எலுமிச்சைச் சாறு, புளி, தயிர், பால் ஆகியவற்றை வைக்காதீர்கள். புளிப்பு செம்பைக் கரைத்துவிடும். கைக்குழந்தையின் பாலை ஒருபோதும் அதில் காய்ச்சாதீர்கள்.

4. சமையலுக்குரிய செப்புப் பாத்திரத்தின் உட்புற ஈயப்பூச்சு தேய்ந்திருந்தால், மீண்டும் பூசிய பின்னரே அதைப் பயன்படுத்துங்கள்.

5. மயில்துத்தம் செம்பின் உப்பே ஆயினும் அது மருந்தன்று, கொடிய நஞ்சு. சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

6. குளிசை உண்டபின் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி கண்டால் உடனே நிறுத்தி வைத்தியரை நாடுங்கள்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். தேவையானதை அதற்குக் கொடுப்பதைப் போன்றே, தேவையற்றதைக் கொடுக்காதிருப்பதும் அதைப் பேணுவதேயாகும்.