பீட்டர் ஐர்டேலைப் பார்க்கக் கிளம்புமுன்

போர்ட்லண்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோரை, ஏதாவதொரு சனிக்கிழமை ஆரிகன் மாநிலத்தின் வடமேற்கு மூலைக்கு அழைத்துப் போவது வழக்கம். காரில் சுமார் இரண்டு மணி நேரம். ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பூங்காவில் வண்டியை நிறுத்தி மணல்மேட்டைத் தாண்டினால், உடைந்த கப்பல் கண்ணெதிரே நிற்கும். முழங்கால் வலி உள்ளவர்களும் போய்வரலாம். இவ்வளவு சுலபம் என்பதால்தான் எதையும் விசாரிக்காமல் கிளம்பிவிடுகிறார்கள்.

அந்தக் கப்பலின் பெயர் பீட்டர் ஐர்டேல். இங்கிலாந்தில் 1890இல் கட்டிய, நான்கு பாய்மரங்கள் கொண்ட எஃகுக் கப்பல். போர்ட்லண்டில் கோதுமை ஏற்றுவதற்காக மெக்சிகோவிலிருந்து சரக்கில்லாமல் வந்தது. 1906 அக்டோபர் 25 அன்று கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே காற்று அதைக் கரையில் தூக்கிப் போட்டது. ஒருவரும் சாகவில்லை. இப்போது மிஞ்சியிருப்பது முன்பக்கக் கூடும், விலா எலும்பு போன்ற சில சட்டங்களும்தான். தொட்டால் முறுகல் தோசையின் ஓரம்போலத் துரு உதிரும். கீழே கொட்டலசு ஒட்டிய இடங்கள் பிளேடு மாதிரி கீறும். செருப்பு போதாது, ஷூ வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டு பல வருடம் ஆகியிருந்தால், கீறல் பட்ட அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

நம் மெரினாவில் ஓதம் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான். அதனால் நாம் மணி பார்த்துக் கடற்கரைக்குப் போய்ப் பழகியதில்லை. இங்கே அது இரண்டு மீட்டருக்கும் மேல். ஏறிய ஓதத்தில் கப்பலைச் சுற்றி அலை அடிக்கும், வற்றிய ஓதத்தில் அதையே காலார நடந்து சுற்றிவரலாம். நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், போன வாரம் போன நண்பர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. அமெரிக்க அரசின் ‘நோவா’ அமைப்பு இலவசமாக வெளியிடும் ஓத அட்டவணையைப் பார்த்து, முழுதாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அங்கே இருங்கள். மறுபடி ஏறத் தொடங்கியதும் திரும்பிவிடுங்கள்.

அட்டவணையில் அடங்காத ஒன்றும் உண்டு. பத்து, இருபது நிமிடம் சாதுவாக வந்து போகும் அலைகளுக்கு நடுவே, திடீரென ஒன்று கரையில் வெகுதூரம் ஏறி வரும். இலையுதிர், குளிர்காலங்களில் இது அதிகம். படமெடுக்க எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் நேரமும் அதற்குத் தோதான நேரம்தான்! குழந்தைகள் ஏறி விளையாட ஆசைப்படும் பெரிய மரக்கட்டைகள் இன்னும் மோசம். கணுக்கால் அளவுத் தண்ணீரே டன் கணக்கான கட்டையைப் புரட்டிவிடும். யாராவது இழுத்துச் செல்லப்பட்டால் பின்னால் குதிக்காதீர்கள். 911ஐ அழையுங்கள், ஆள் இருக்கும் இடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். விழுந்தவர் முதல் ஒரு நிமிடம் நீந்த முயலாமல் மிதந்தபடி மூச்சை நிதானப்படுத்த வேண்டும். அந்தக் குளிர்நீரில் மூச்சுத் திணறலே முதல் எதிரி.

தரை நீண்ட நேரம் குலுங்கினால் யாருடைய அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டாம், மேட்டை நோக்கி நடையைக் கட்டுங்கள். 2004ஐப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1700 ஜனவரியில் இந்தக் கரையோரமும் அப்படியொரு சுனாமியைக் கண்டிருக்கிறது.

இனி உரிமை. 1966இல் இங்கிருந்து சற்றுத் தெற்கே கேனன் பீச்சில் ஒரு விடுதிக்காரர், தன் வாசலில் உள்ள உலர்ந்த மணல் தன் விருந்தினருக்கு மட்டும் என்று வேலி போட்டார். ஈரமணல் 1913 முதலே பொதுச்சொத்து. உலர்மணல் யாருடையது என்ற கேள்வி சட்டமன்றம் வரை போனது. ஆளுநர் டாம் மெக்கால் 1967இல் கையெழுத்திட்ட சட்டம், செடிகொடி தொடங்கும் எல்லை வரை மணலில் நடமாடும் உரிமையை எல்லோருக்கும் உறுதிசெய்தது. விசிட்டர் விசாவில் வந்த உங்களுக்கும் அது பொருந்தும். யாராவது மறித்தால் வாக்குவாதம் வேண்டாம், மாநிலப் பூங்காத் துறையிடம் புகார் செய்யுங்கள். ஒரு விஷயம், கப்பலுக்குத் தெற்கே மணலில் கார் ஓட்டவும் அனுமதி உண்டு. பேரப்பிள்ளை கையை விடாதீர்கள்.

அடிபட்டால் செலவை நினைத்துத் தயங்குகிறவர்கள் நம்மில் அதிகம். 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளும், பணமோ காப்பீடோ குடியுரிமையோ பார்க்காமல் முதலில் பரிசோதித்து, நிலைமை சீராகும் வரை சிகிச்சை தர வேண்டும். பில் பிறகு வரும், வரத்தான் செய்யும். அதற்குத்தான் விமானம் ஏறுமுன்பே பயணக் காப்பீடு. அரசு நிதி பெறும் மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

கிளம்பும்போது பேரன் ஒரு துருத்துண்டைப் பையில் போட்டிருப்பான். எடுத்து அங்கேயே போடச் சொல்லுங்கள். பொதுநிலத்தில் 75 ஆண்டு கடந்த பொருளை அனுமதியின்றி எடுப்பது ஆரிகனில் குற்றம்.