பச்சைக் கதிரும் பார்வை மயக்கமும்

இளைஞர் கைகளில் விளையாட்டுப் பொருளாகிவிட்ட லேசர் விளக்குகளுள் பச்சையே வலியது என எண்ணுவோர் பலர். அது கண் செய்யும் மயக்கம். ஒரே வலுவுள்ள இரண்டினைச் சுவரிற் பாய்ச்சினால், 532 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சைப் புள்ளி, 650 நனோமீற்றர்ச் சிவப்பைவிட ஏறத்தாழ 8 மடங்கு பிரகாசமாகத் தோன்றும். பகலொளிக்குப் பழகிய விழி 555 நனோமீற்றரை அடுத்த நிறங்களையே மிக நன்கு உணர்கிறது.

இரவு வானிற் கோடாய் நீள்வதும் பச்சையே. காற்றிலுள்ள தூசியும் மூலக்கூறுகளும் சிதறடிக்கும் ஒளியே அக்கோடு. சிவப்பின் கோட்டைக் காணச் சாம்பிராணிப் புகைதான் வேண்டும்!

405 நனோமீற்றர் ஊதாவோ மிக மங்கல். 'மங்கலானதுதானே' என்று அதனைச் சிறுவரிடம் கொடுத்துவிடுகின்றனர் பெற்றோர் சிலர். வலுவோ குறைந்ததன்று, கூச்சம் குறைவாதலால் கண் விரைந்து மூடிக்கொள்ளாமற் போகலாம், அதற்குள் விழித்திரை கருகிவிடவுங் கூடும்.