வேற்றுலக உயிர்களும் திணைப் பாகுபாடும்

அறிவியல் புனைகதையில் வேற்றுலக உயிரைப் படைப்பவர் அதன் உடலமைப்பையும் வாழ்சூழலையும் முதலில் வகுத்துக்கொள்வது வழக்கம். தமிழில் எழுதுபவருக்கோ அதற்கும் முன்னதாக ஒரு வினா எழுகின்றது. அவ்வுயிர் வந்ததா, வந்தானா, வந்தாரா? ஆங்கில வினைமுற்று திணையோ பாலோ காட்டாது. தமிழில் முதல் வாக்கியத்தின் விகுதியே அதனை வெளிப்படுத்திவிடும்.

பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. அதில் வரும் ஜீனோ ஓர் இயந்திர நாய், வேற்றுலகத்தது அன்று. எனினும் மனிதரல்லாத அறிவைப் பேசவைக்கும் சிக்கல் ஒன்றே. ஜீனோ படிக்கின்றது, வாதிடுகின்றது, நகையாடுகின்றது. ஆயினும் ‘என்றது’ என்னும் அஃறிணை முடிபையே பெறுகின்றது. பேச்சின் கூர்மைக்கும் விகுதியின் தாழ்மைக்கும் இடையிலுள்ள இடைவெளியே அப்பாத்திரத்தின் கவர்ச்சி. ‘என்றான்’ என எழுதியிருப்பின் நாய்த்தோல் போர்த்திய சிறுவனே எஞ்சியிருப்பான்.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் மக்களை உயர்திணையாகச் சுட்டுகின்றது. நன்னூல் தேவரையும் நரகரையும் உடன் சேர்க்கின்றது. படைப்பாளருக்கு மிகுதியும் பயன்படுவது மரபியலே. அது உயிர்களை உறுப்பின் வடிவால் அன்றிப் புலனறிவால் வகுக்கின்றது: தொடுவுணர்வு, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி, இறுதியில் மனம். மக்களை ஆறறிவுயிர் என்றபின், அக்கிளையைச் சேர்ந்த பிறவும் உள என இடமும் விட்டுவைக்கின்றது.

புலன்வழி படைத்தலின் விளைவு சொல்லாட்சியில் தெரியவேண்டும். கண்ணில்லாத ஓர் இனத்தைக் கொள்வோம். அதன் பேச்சில் ‘நோக்கம்’, ‘கண்ணோட்டம்’ ஆகியன பொருந்தா. இவற்றைத் தவிர்ப்பது எளிது. ‘செய்து பார்’, ‘கேட்டுப் பார்’ என வரும் துணைவினையே கடினம். ‘தொட்டுப் பார்’ என்னும்போது எவரும் கண்ணை நினைப்பதில்லை. அங்குப் ‘பார்’ முயற்சிப் பொருளே தருகின்றது. எனினும் கதை முழுதும் இத்துணைவினையை விலக்கி எழுதினால், காரணம் புலப்படாமலேயே வாசகர் ஓர் அயன்மையை உணர்வர். கொம்பும் பச்சைத் தோலும் தரும் அயன்மையினும் இது நெடிது நிற்கும்.

மொழிபெயர்ப்பில் மொழிக்கு மொழி இடர் வேறுபடுகின்றது. கன்னடத்தில் ஆண், பெண், அஃறிணை ஒருமைகளுக்குத் தனித்தனி முடிபு உண்டு. ஆகவே தமிழ்க் கதை பெரும்பாலும் இழப்பின்றி அங்குச் செல்லும். தெலுங்கில் பெண்பால் ஒருமையும் அஃறிணை ஒருமையும் ‘வச்சிந்தி’ என ஒரே முடிபு கொள்ளும். தெலுங்காசிரியர் சொல்லாமல் விட்டதைத் தமிழாக்குபவர் சொல்லியே ஆகவேண்டும்.

அர்சுலா லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ (1969) நிலையான பாலற்ற மாந்தரைப் படைத்தது. ஆனால் ஆண்பாற் பெயரால் அவர்களைச் சுட்டியது. அதனைக் குறையெனப் பின்னாளில் ஆசிரியரே ஏற்றார். தமிழின் ‘அவர்’ உயர்திணையாய் நின்றே ஆண், பெண் காட்டாதது, அந்நாவலுக்குப் பொருத்தமானது. ஆனால் அது மதிப்பையும் உடன் கொணரும். அவ்வினத்துக் குழந்தையையோ பகைவரையோ சுட்டுமிடத்தில் ‘அவர்’ பொருந்தாமல் உறுத்தும். ‘அது’ எனின் குழந்தைக்கு இயல்பாகும், பகைவருக்கு இழிவாகும்.