மேலே அம்மாவின் சேலை, உள்ளே அப்பாவின் வேட்டி: வீட்டிலேயே தைக்கலாம் சுவர் அலங்காரம்!

பீரோவின் கடைசித் தட்டில், பூச்சி உருண்டை வாசனையோடு மடித்தபடி இருக்கும் அம்மாவின் சுங்குடிச் சேலை. அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகியிருக்கும். கட்டிக்கொள்ளவும் மனம் வராது, யாருக்காவது கொடுக்கவும் மனம் வராது. வருடத்துக்கு ஒருமுறை வெயிலில் காயவைத்து மறுபடியும் உள்ளே வைப்போம். பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஒருநாள் ஆசையாக எடுத்து விரித்தால், மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுப்போய்க் கையோடு வரும்.

பாட்டிகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பழைய சேலையை நாலாக மடித்து, நெருக்கமாகத் தையல் ஓட்டி, கைக்குழந்தைக்கு விரிப்பாக்கிவிடுவார்கள். மெத்தென்று இருக்கும். ஆனால், தினமும் துவைத்துத் துவைத்து இரண்டு வருடத்தில் அது கரித்துணியாகிவிடும். அதே தையலைப் போட்டுச் சுவரில் மாட்டினால்? யாரும் படுக்கப்போவதில்லை, அடித்துத் துவைக்கப்போவதும் இல்லை. பல வருடங்கள் கண்முன்னே இருக்கும்.

இதற்கு வேண்டியதெல்லாம் தேனி மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கிறது என்பதுதான் விசேஷம். ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் பகுதிகள் காட்டன் சேலைகளுக்குப் பெயர் பெற்றவை. போடி என்றால் ஏலக்காய் மட்டுமல்ல, இலவம்பஞ்சும்தான். தெருவுக்கு ஒரு தையல் மெஷினாவது ஓடும் ஊர்களில் பிட்டுத் துணிக்குப் பஞ்சமே இல்லை.

துணியை வெட்டி, இன்னொரு துணிமேல் வைத்துத் தைத்துத் தொங்கவிடும் கலையும் நமக்குப் புதிதல்ல. தேரில் உருண்டையாக, குழாய்போலத் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பரம்பரையாகச் செய்கிறார்கள். யானை, யாளி, மயில் என்று துணியிலேயே வெட்டி ஒட்டுத்தையல் போட்ட வேலை அது.

பஞ்சில்தான் முதல் சிக்கல்

போடி இலவம்பஞ்சு இருக்கிறதே, அதையே உள்ளே வைத்துத் தைக்கலாமா? வைக்கலாம், ஆனால் அது லேசில் அடங்காது. இலவம்பஞ்சின் இழை உள்ளே வெற்றிடமான குழாய். மேலே மெழுகுபோன்ற பூச்சு. அதனால்தான் அவ்வளவு லேசு. தண்ணீரும் எளிதில் இறங்காது. ஒரு காலத்தில் கப்பலில் போகிறவர்களின் மிதவை ஜாக்கெட்டுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் இழை வழுவழுப்பானது, ஒன்றையொன்று பிடிக்காது. சுவரில் தொங்கும்போது மெல்ல மெல்லக் கீழே சரிந்து, அடியில் தொப்பை போட்டுவிடும். இலவு காத்த கிளியின் கதை தைக்கிறவருக்கும் நேர்ந்துவிடக் கூடாது.

எனவே, முதல் முறை தைப்பவர்கள் நடுவில் பஞ்சே வைக்க வேண்டாம். பழைய காட்டன் வேட்டி ஒன்று போதும். பலமுறை துவைத்துச் சுருங்கவேண்டியதெல்லாம் சுருங்கி முடித்த துணி அது. வங்காளத்தின் காந்தா தையலும் பழைய துணிகளை அடுக்கிவைத்துப் போடுவதுதான். மேலே அம்மாவின் சேலை, உள்ளே அப்பாவின் வேட்டி. இதைவிடப் பொருத்தமான பஞ்சு எந்தக் கடையில் கிடைக்கும்?

இலவம்பஞ்சுக்கு வேறு வேலை இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

சேலையை வெட்டும் முன்

சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கொசுவம் செருகும் இடமும், காலடியில் உரசும் இடமும் சல்லடையாக இருக்கும். முந்தானையும் கரையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நல்ல பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இற்றுப்போகத் தொடங்கிய பட்டாக இருந்தால், அடியில் மெல்லிய மல் துணி கொடுத்துத் தைத்துவிட்டு அப்புறம் வெட்டலாம்.

சாயம் போகுமா என்று பார்க்க, ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்தி ஒற்றினாலே தெரிந்துவிடும். புது ஆண்டிபட்டிச் சேலையையோ பிட்டையோ சேர்ப்பதாக இருந்தால், ஊறவைத்துக் கஞ்சியை எடுத்துக் காயவைத்த பிறகே கத்தரி படவேண்டும். இதைத் தவறவிட்டால், பின்னாளில் நனையும்போது புதுத்துணி மட்டும் சுருங்கி, மொத்தத்தையும் இழுத்துப்பிடிக்கும்.

முதல் முயற்சிக்கு 24க்கு 36 இன்ச் போதும். துண்டுகளைக் கால் இன்ச் தையல் விட்டு இணைத்து, ஒவ்வோர் இணைப்புக்கும் இஸ்திரி போடுங்கள். பிறகு அடியில் லைனிங், நடுவில் வேட்டி, மேலே இணைத்த துணி என மூன்றையும் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, பெரிய பெரிய தையலாக ஓட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கடைசியில் பிரித்துவிடலாம். அசல் தையலை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் போடுங்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி உப்பி நிற்கும். மெஷினில் நேர்கோடாக ஓட்டலாம். கையால் ஓட்டினால் கோணல்மாணலாகத்தான் வரும், வரட்டும். சுற்றிலும் கிராஸ் பீஸ் வைத்துப் பைப்பிங் அடித்தால் ஓரம் முடிந்தது.

இப்போது போடிப் பஞ்சு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைவிட இந்த ஊருக்கு ஏற்ற டிசைன் வேண்டுமா? கருநீலத் துணியில் ஐம்பது பைசா அளவு வட்டங்களை வெட்டி, ஓரம் மடித்து, மேல்துணியில் கொத்தாகத் தைத்துக்கொள்ளுங்கள். லைனிங் வைக்கும் முன்பே, ஒவ்வொரு வட்டத்துக்கும் பின்பக்கம் சின்னக் கீறல் போட்டு, பென்சில் முனையால் கொஞ்சம் இலவம்பஞ்சைத் திணித்துக் கீறலை மூடித் தைத்துவிட்டால், திராட்சை புடைத்து நிற்கும். சின்ன அறைக்குள் அடைபட்ட பஞ்சு எங்கும் சரியாது. ஃபேனை நிறுத்திவிட்டு இந்த வேலையைச் செய்யுங்கள். இல்லையென்றால் வீடு முழுக்கப் பஞ்சு பறக்கும்.

கோட்டும் சட்டையும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சின்ன ஊர். பருத்திக்காட்டில் உழைத்த கறுப்பினப் பெண்கள், குளிருக்காகக் கிழிந்த வேலைத் துணிகளை இணைத்துத் தைத்த போர்வைகள் அங்கே உண்டு. 1942-ல் மிசௌரி பெட்வே என்பவர், இறந்துபோன தன் கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாக அதைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். 2002-ல் அந்த ஊர்ப் போர்வைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கிலும் ஓவியங்களைப்போலச் சுவரில் மாட்டப்பட்டன. 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலைகளாகவும் வெளியிட்டது. படங்களைப் பார்த்தால் புரியும்: ஒரு கோடுகூட நேராக இருக்காது. முழங்கால் தேய்ந்த நிறம் மாற்றம்கூட அப்படியே தெரியும். சேலையில் மஞ்சள் கறையோ, எண்ணெய்த் திட்டோ இருந்தால் அதை ஒளித்து வெட்டத்தான் வேண்டுமா என்று நீங்களும் யோசிக்கலாம்.

எங்கே மாட்டுவது?

ஆணியில் நேராக மாட்டினால் துணி அந்த இடத்தில் கிழியும். பின்பக்க மேல் ஓரத்தில் நான்கு இன்ச் பட்டையைக் குழாய்போலத் தைத்து, அதற்குள் கம்பையோ கர்ட்டன் ராடையோ நுழைத்து மாட்டுங்கள். எடை சமமாகப் பிரியும். வெயில் நேராக அடிக்கும் சுவர் வேண்டாம், சாயம் வெளுத்துவிடும். கம்பம், கூடலூர் பக்கம் சாரல் காலத்தில் சுவர் ஓதம் காக்கும். எனவே, சுவருக்கும் துணிக்கும் நடுவே விரல் அளவு இடைவெளி இருக்கட்டும். பூஜை விளக்குக்குப் பக்கத்தில் மட்டும் மாட்டவே கூடாது. இலவம்பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும்.

தூசிக்கு மாதம் ஒருமுறை உதறினால் போதும். வருடத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விடுங்கள்.

மாட்டும் முன் ஒரு வேலை பாக்கி. பின்பக்க மூலையில் வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை வைத்து, யாருடைய சேலை, யாருடைய வேட்டி, தைத்தது யார், எந்த வருடம் என்று நூலாலேயே எழுதிவிடுங்கள். பேனா மை சில வருடங்களில் மங்கிவிடும்.