நுரையீரலுக்கும் பிரஷர் உண்டு

பிரஷர் என்றதும் நாம் கையை நீட்டிப் பட்டை கட்டிக்கொள்கிறோம். இதயத்தின் வலப் பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயின் அழுத்தம் வேறு கணக்கு. அது அந்தப் பட்டையில் தெரியாது. ரயில்வேயில் பிரேக் குழாய்களின் காற்றழுத்தத்தைக் கிலோ கணக்கில் பார்த்துப் பழகிய எனக்கு இந்த அளவு வேடிக்கையாக இருந்தது. ஆரோக்கியமானவர்களுக்குச் சராசரி 14 மில்லிமீட்டர் பாதரசம்தான். தண்ணீர்க் கணக்கில் ஒரு சாண் உயரம்கூட வராது. 20-ஐத் தாண்டினாலே அதிகம் என்று இப்போது வரையறுத்திருக்கிறார்கள்.

என் அக்காவுக்கு இந்த வியாதி வந்ததால்தான் இவ்வளவும் படிக்க நேர்ந்தது. 1972-ல் கல்யாணமாகி டில்லிக்கு வந்தவள். கேஸ் இணைப்புக் கிடைக்கும்வரை பல வருஷம் அங்கீட்டியில் கரி மூட்டித்தான் சமையல். வீட்டில் பீடி, சிகரெட் கிடையாது.

டில்லிக்கு இது புதிய கதையல்ல. பர்மாவில் பிறந்து, யுத்த காலத்தில் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்கு வந்து, பிறகு தலைநகரில் இதய மருத்துவத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் டாக்டர் எஸ். பத்மாவதி. நாள்பட்ட நுரையீரல் நோயால் வலப்பக்க இதயம் பழுதான 127 டில்லி நோயாளிகளைப் பற்றி 1959-ல் அவரும் சகாவும் கட்டுரை வெளியிட்டார்கள். மேல்நாட்டில் இது புகைபிடிக்கும் ஆண்களின் நோய். இங்கேயோ பெண்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு இருந்தது! புகைபிடித்த பெண்கள் வெகு சிலரே. அடுப்புப் புகை மீது சந்தேகம் விழுந்தது இப்படித்தான். 2020-ல் தமது 103-வது வயதில் அவர் காலமானபோது நம்மில் எத்தனை பேர் கவனித்தோமோ தெரியாது.

நோயின் சூட்சுமம் ரயில்வேக்காரனுக்குச் சட்டென்று புரியும். நுரையீரலில் எந்தப் பகுதிக்குப் பிராணவாயு வரவில்லையோ, அங்கே போகும் ரத்தக் குழாய் தானே சுருங்கிவிடும். சரக்கு இல்லாத யார்டுக்கு வண்டியை அனுப்பாமல் கண்ட்ரோல் ஆபீஸ் திருப்பிவிடுவது போல. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாதி யார்டு கெட்டுப்போனால் மிச்ச லைன்களில் நெரிசல். போதாததற்கு, நோய் பல நுண்குழாய்களை அழித்தும் விடுகிறது. நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் அவ்வளவும் அந்த வழியாகப் போயாக வேண்டும். மெல்லிய சுவர் கொண்ட வலது அறை தள்ளித் தள்ளிப் பருத்து, கடைசியில் சோர்ந்துபோகிறது. கால் வீங்குகிறது. படியேறினால் கண் இருட்டுகிறது.

"குழாயை விரிக்கிற மாத்திரை இருக்கிறதே மாமா, வாங்கிப் போட்டால் என்ன?" என்று அக்கா மகன் கேட்டான். பக்கத்து வீட்டில் யாரோ சில்டெனாஃபில் சாப்பிடுகிறார்களாம். நுரையீரல் சரியாக இருந்து, குழாயிலேயே கோளாறு உள்ளவர்களுக்கு அது உதவும். சி.ஓ.பி.டி.காரர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. சிவப்பு சிக்னலையெல்லாம் பச்சையாக்கினால், ரத்தம் கெட்டுப்போன யார்டுக்கும் போய்க் காலி வேகனாகத் திரும்பும். பிராணவாயு இன்னும் குறையும். ரியோசிகுவாட் என்ற இன்னொரு மருந்தை நுரையீரல் தழும்பு நோயாளிகளிடம் சோதித்தபோது, மரணம் அதிகமாகி 2016-ல் சோதனையையே நிறுத்தினார்கள். தழும்பு நோய்க்கு மட்டும், மூச்சில் இழுக்கும் டிரெப்ரோஸ்டினில் பலன் தந்தது. 326 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், 6 நிமிஷ நடையில் சுமார் 31 மீட்டர் கூடுதல். அதே மருந்து சி.ஓ.பி.டி.யில் கெடுதல் செய்தது. ஆகவே எந்த நுரையீரல் நோய் என்று தெரியாமல் மாத்திரைப் பேச்சே கூடாது. எக்கோ ஓர் உத்தேசக் கணக்குத்தான். நிச்சயம் வேண்டுமானால் இதயத்துக்குள் குழாய் விட்டு அளக்க வேண்டும். நுரையீரலில் ரத்தக் கட்டி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு வைத்தியமே வேறு.

அப்படியானால் சி.ஓ.பி.டி.க்கு மிஞ்சுவது என்ன? புகையை விட்டு விலகுவது, இன்ஹேலர், வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை, எல்லாவற்றுக்கும் மேலாக ஆக்ஸிஜன். 1981-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் தினம் 15 மணி நேரம் ஆக்ஸிஜன் எடுத்துக்கொண்ட 42 பேரில், ஐந்து வருஷத்தில் 19 பேர் இறந்தார்கள். எடுக்காத 45 பேரில் 30 பேர். மூச்சுத் திணறும்போது மட்டும் அரைமணி பிடித்துக்கொள்வது இந்தக் கணக்கில் சேராது. எல்லாருக்கும் இது தேவையும் இல்லை. தமனி ரத்தத்தில் பிராணவாயு அழுத்தம் 55 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களுக்கும், வலது இதயம் பாதித்திருந்தால் 60-க்குக் கீழே இருப்பவர்களுக்கும்தான். எத்தனை லிட்டர் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதிகமாகத் திறந்துவிட்டால் சிலருக்குக் கரியமிலவாயு தேங்கி மயக்கம் வரும்.

"மூக்குல குழாயோட மலை மந்திருக்கு எப்படிடா வருவேன்?" என்று அக்கா ஒரு மாதம் முரண்டு பிடித்தாள். தூக்க நேரத்தையும் டி.வி. நேரத்தையும் கூட்டி 16 மணி கணக்குக் காட்டி, கோயிலுக்குப் போகும் நேரத்தை விட்டுக்கொடுத்தேன். கரண்ட் போனாலும் ஓட கான்சென்ட்ரேட்டருக்குத் தனி இன்வெர்ட்டர் வைத்தாயிற்று. ஆக்ஸிஜன் ஓடும் அறையில் தீ கூடாது என்பதால் பூஜை விளக்கும் ஊதுவத்தியும் கூடத்துக்கு மாறின. அதற்குத்தான் அவளிடம் அதிகம் திட்டு வாங்கினேன்! நான்கு மாதத்தில் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குவது அப்படியேதான் இருக்கிறது.